சிவப்புத் துணிக்கு அஞ்சாதவன்

"மருந்து எப்ப அடிச்சீங்க?"

நஃபீசா கேட்டதும் வீரபத்திரன் திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் கை நீட்டிய இடத்தில், வெள்ளரி வயலின் முள்வேலியில் ஒரு சிவப்புத் துணி காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே மண்டையோடு படம் போட்ட பூச்சிமருந்து பாட்டில் கயிற்றில் தொங்கியது.

"அடிக்கவே இல்ல மேடம். சத்தியமா அடிக்கல."

"பின்ன துணி எதுக்கு? மருந்தடிச்ச வயலுக்குத்தான் இப்படிக் கட்டுவாங்கன்னு ஆடு மேய்க்கிறவருக்குக்கூடத் தெரியுமே. அதுவும் இது, வெள்ளரிக்குத் தொடவே கூடாத மருந்து."

நஃபீசா மதுரைக் காய்கறிக் கம்பெனியின் தர அதிகாரி. அவள் சரி என்றால் உத்தரகோசமங்கை ரோட்டில் நிற்கும் லாரி நிறைந்து போகும். வேண்டாம் என்றால் வெறும் லாரி திரும்பும், கம்பெனி இனி இந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்காது. வேப்பமரத்தடியில் கூடை கூடையாகக் காத்திருக்கும் பிஞ்சு அத்தனையும் குப்பைதான்.

இந்த வயலுக்காக வீரபத்திரன் கொஞ்சமா பாடுபட்டார்! கம்பெனி சொன்ன விதிமுறை ஒன்றைக்கூட மீறவில்லை. ஆட்டை வேலிக்குள் விடவில்லை. பறிக்க வந்த பெண்களைச் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தார். வயலுக்குள் யாரும் வாயை அசைக்கக் கூடாது என்று கத்திக் கத்தியே தொண்டை கட்டிவிட்டது. சொந்த வீட்டுக்கே ஒரு பிஞ்சு போகவில்லை, அதில் மனைவி பாண்டியம்மாள் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"களவாங்குறாய்ங்க மேடம்" என்றார் பரிதாபமாக. "தெனம் காய் குறையுது. அதான் போன வருசம் பருத்திக்கு அடிச்ச காலி பாட்டில எடுத்து இவன விட்டுக் கட்டச் சொன்னேன். பயந்து ஓடட்டும்னுதான். ஏலே சின்னக்கருப்பா, சொல்லுலே!"

காவல்காரன் சின்னக்கருப்பன் அவசரமாகத் தலையாட்டினான். "ஆமா தாயி. மருந்தெல்லாம் அடிக்கல."

"உங்க ஆளு உங்களை விட்டுக்கொடுப்பாரா?" நஃபீசாவின் பார்வை அவன் இடுப்புக்குப் போனது. "அது என்ன மடியில? புகையிலையா? வயலுக்குள்ள கூடாதுன்னு சொல்லியிருக்கோமே."

"அய்யய்யோ, பொகையில இல்ல தாயி." மடியில் துருத்திய காகிதப் பொட்டலத்தை அவன் கையால் பொத்திக்கொண்டான். வீரபத்திரன் அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். இருக்கிற இழவு போதாதென்று இவன் வேறு!

"சரி, துணி கட்டுன பிறகு களவு நின்னுச்சா?"

"எங்கிட்டு மேடம்!" வீரபத்திரன் தலையில் அடித்துக்கொண்டார். "அதுக்கப்புறமும் குறையுது. சாவுக்கே பயப்படாத பய எவன்னுதான் எனக்கும் வெளங்கல."

நஃபீசா நம்பவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. டிரைவரைத் திரும்பச் சொல்லச் செல்போனை எடுத்தாள். வீரபத்திரன் ஓடிப்போய்க் கூடையிலிருந்து ஒரு பிஞ்சை எடுத்தார்.

"இந்தா, நானே திங்கிறேன். பாத்துக்கங்க!"

"வேணாம் சார், வைங்க. இப்ப தின்னா, விஷம் இருக்கா இல்லையான்னு உடனே எப்படித் தெரியும்? லாரி இப்பவே கிளம்பணும். லேபுக்கு அனுப்பினா ரிசல்ட் வர நாலு நாள் ஆகும்."

"நாலு நாளா! காயெல்லாம் பழுத்து வெடிச்சிருமே மேடம்!"

அவர் குரல் உடைந்ததைக் கேட்டு நஃபீசா கொஞ்சம் இளகினாள். "ஒண்ணு வேணா செய்யலாம். இந்த மருந்து பட்ட காயைத் தின்னவங்க இந்நேரம் ஆஸ்பத்திரியிலதான் கிடப்பாங்க. நேத்து, முந்தாநாளு இங்க காய் தின்ன ஆள் யாராவது நல்லா நடமாடுறதைக் காட்டுங்க. ஏத்திக்கிறேன்."

வீரபத்திரன் பறிக்க வந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். இவர் போட்ட கூப்பாட்டுக்கு யார் தின்பார்கள்?

"அந்தத் திருட்டுப்பய தின்னிருப்பானே மேடம்!"

"அப்ப அவரையே கூட்டிட்டு வாங்க."

கையில் கிடைத்தால் காலை ஒடிக்க வேண்டும் என்று இத்தனை நாள் கறுவிக்கொண்டிருந்த திருடனை, மாலை போட்டு அழைத்து வரவும் இப்போது அவர் தயாராக இருந்தார். எந்தச் சாமி புண்ணியத்திலாவது அவன் இந்த நிமிஷம் வேலியைத் தாண்டி வரமாட்டானா என்று ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை.

நஃபீசா செல்போனைக் காதில் வைத்தாள்.

"தாயி, கொஞ்சம் பொறுங்க."

சின்னக்கருப்பன்தான். மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, அவள் முன்னால் நீட்டினான். உள்ளே உப்பும் மிளகாய்ப்பொடியும் இருந்தன. அதில் இரண்டு வெள்ளரி விதைகள் காய்ந்து ஒட்டியிருந்தன.

வீரபத்திரன் பொட்டலத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

சின்னக்கருப்பன் தலையைச் சொறிந்தான்.

"நான் காவலுக்கு நிக்கயில, மொதலாளி, வேற எவன் உள்ள வந்து திங்க முடியும்?"