ஒரு வளையம் மிச்சம்

செயினே இல்லாத ஒரு மோட்டார் சைக்கிளுக்காக வினோலியாவின் செயின் அடகுக்குப் போனது. இதிலுள்ள வேடிக்கையை ரசிக்கும் நிலையில் வினோலியா இல்லை.

எட்டுப் பவுன். அவள் அம்மா போட்டது. தை மாதம் கல்யாணத்தில் மகள் பிரிஸ்கில்லாவின் கழுத்துக்குப் போக வேண்டியது. அதைப் பீரோவிலிருந்து ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டு போனவர் அவளுடைய கணவர் ஸ்டீபன்ராஜ். திண்டுக்கல்லில் கெமிஸ்ட்ரி வாத்தியார். ஐம்பத்தாறு வயதில் அவருக்கு வந்த ஆசை, பெங்களூரில் யாரோ ஓட்டிச் சலித்த ஒரு வெளிநாட்டு வண்டி.

"செயினே கிடையாது சார். உள்ளுக்குள்ள ஒரு இரும்புத் தண்டு, அதுதான் பின்சக்கரத்தச் சுத்த வைக்குது" என்று தெருவில் சிக்கியவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து விளக்கினார். பால்காரர் இப்போதெல்லாம் அடுத்த தெரு வழியாகப் போகிறார்.

வண்டியை விற்று நகையை மீட்கச் சொல்லி வினோலியா கெஞ்சினாள், அழுதாள், பேசாமல் இருந்து பார்த்தாள். மனிதர் மசியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் பயணம் என்று முடிவாயிற்று. சனிக்கிழமை காலையிலேயே பின்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த பற்களுக்கெல்லாம் வீடியோ பார்த்து கிரீஸ் பூசினார். போல்ட், நட்டு, வளையம் எல்லாம் விரித்த செய்தித்தாளில் கழற்றிய வரிசைப்படி உட்கார்ந்திருந்தன.

வினோலியா தோசைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன இம்புட்டுப் புளிக்குது?"

"கடை மாவு. கிரைண்டர் ஓடல" என்றவள், செய்தித்தாளைப் பார்த்தபடி கேட்டாள். "ஏங்க, இதுல ஒரு சாமான் விட்டுப் போனா என்னாகும்?"

"சக்கரம் ஆட்டம் குடுக்கும். நம்மூரு ரோட்டுல தெரியாது. மலையில, கொண்டை ஊசி வளைவுல தெரியும்." அவர் சிரித்தார். "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இன்சூரன்ஸ் பணம் வரும்ல. அதுல உன் செயின மீட்டுக்க."

வினோலியா சிரிக்கவில்லை.

தெருவில் யாரோ புது ஆள் சிக்கியிருக்க வேண்டும், ஸ்டீபன்ராஜ் எழுந்து போனார். வினோலியா செய்தித்தாளின் முன் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள். ஒரு வளையத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கிரீஸ் டப்பாவில் விரலை விட்டாள். கேட் திறக்கும் சத்தம் கேட்டு அவள் எழுந்தபோது, தோளில் கிடந்த துண்டின் முனையில் கனமாக ஒரு முடிச்சு இருந்தது.

ஸ்டீபன்ராஜ் திரும்பி வந்து வேலையில் இறங்கினார். சக்கரத்தை இப்படியும் அப்படியும் அசைத்து, பல்லோடு பல் பொருந்தும்வரை உள்ளே தள்ளினார். ஆக்சிலைச் செருகி, நட்டை முடுக்கினார். செய்தித்தாள் காலியானது.

"பாத்தியா? ஒரு சாமான் மிச்சமில்ல."

"ம்" என்றாள் வினோலியா. அந்தத் துண்டை அவள் அன்று துவைக்கப் போடவில்லை.

மறுநாள் முதல் பூசை முடிந்து வந்ததும் ஹெல்மெட்டை அவளே எடுத்துக் கொடுத்தாள். அவர் நெற்றியில் சிலுவை வரைந்தாள். வண்டி உறுமிக்கொண்டு கேட்டைத் தாண்டியது.

"ஏங்க, செத்த இருங்க."

வெறுங்காலோடு ஓடி வந்தவள் கையை விரித்தாள். கிரீஸ் அப்பிய ஓர் இரும்பு வளையம்.

"பேப்பருக்கு அடியில கெடந்துச்சுங்க. நீங்க பாட்டுக்குப் போறீங்களேன்னு..." வளையத்தை அவர் கையில் வைத்து அழுத்தினாள்.

ஸ்டீபன்ராஜ் முகத்தில் ஈயாடவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்.

மறுபடி கழற்றினார். வளையத்துக்கு எங்கேயும் இடம் அகப்படவில்லை. மாட்டினார், வளையம் மிச்சம். திரும்பவும் கழற்றி மாட்டினார், திரும்பவும் மிச்சம். வீடியோக்காரன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பேகம்பூரிலிருந்து மெக்கானிக் பக்ருதீனை அழைத்து வந்தார்.

பக்ருதீன் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் செயின் வண்டி ஆளு சார், இது எனக்குப் பிடிபடல. ஆனா ஒரு சாமான் வெளிய கெடக்கையில, இதுல நான் பஸ் ஸ்டாண்டுக்குக்கூட வர மாட்டேன்."

அதன் பிறகு ஸ்டீபன்ராஜ் வண்டியைத் தொடவில்லை. கண்ணை மூடினால் கொண்டை ஊசி வளைவுதான் வந்தது. கடைசியில் மதுரையிலிருந்து ஒரு பழைய வண்டி வியாபாரி மினி லாரியோடு வந்தார். ஸ்டீபன்ராஜ் நடந்ததைச் சொல்லி, வளையத்தையும் நீட்டினார்.

"நாங்க முழுசாப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் ரோட்டுல விடுவோம் சார். ஏதாச்சும் கொறஞ்சா புதுசே போட்டுக்குவோம், அது வேணாம்" என்றார் வியாபாரி.

அன்று சாயங்காலமே செயின் வீடு திரும்பியது. அந்தோணியார் படத்தின் முன்னால் ஸ்டீபன்ராஜே அதை வினோலியாவின் கழுத்தில் போட்டுவிட்டார்.

"நகைய எடுத்துட்டுப் போனவனோட உசுரக் காப்பாத்தியிருக்க, வினோ. நீ மட்டும் அன்னிக்கு ஓடி வரலேன்னா..." கண் கலங்கிவிட்டது அவருக்கு. வளையத்தை அந்தோணியாரின் காலடியில் வைத்தார். "இது இங்கயே இருக்கட்டும்."

மறுநாள் அவர் பள்ளிக்கூடம் கிளம்பியதும், வினோலியா அந்தோணியாரிடம் ஒரு மன்னிப்பு கேட்டுக்கொண்டு, வளையத்தை எடுத்து கிரீஸ் போகக் கழுவி, இத்தனை நாளாக ஓடாமல் கிடந்த கிரைண்டரில் அதைக் கழற்றிய இடத்திலேயே மாட்டினாள்.