சோதனை அழைப்பு

ஹெட்போனில் இரைச்சல் மட்டும்தான் கேட்டது.

குழாயைத் திறந்துவிட்டதுபோல ஒரே சீராக.

இரைச்சல்தான் கேட்க வேண்டும். வாசல் கதவில் பதிக்கும் சின்னப் பேச்சுப் பெட்டி அது. பொத்தானை அழுத்தினால் இணையம் வழியே வீட்டுக்காரரின் செல்போன் அடிக்கும். நடுவில் எவன் ஒட்டுக்கேட்டாலும் ஒன்றும் புரியக்கூடாது. அதற்கான பூட்டை நிரலாக எழுதியவள் அவள்.

அழைப்பு முடிந்ததும் சாவி அழிந்துவிடும். அவளாலும் திறக்க முடியாது. அதையும் அவள்தான் அப்படி எழுதினாள், கொஞ்சம் பெருமையாகக்கூட.

இந்தப் பதிவை எடுத்த அன்று பெட்டியின் முன் நின்று பேசியவன் சிபி. அவள் கணவன், அதே அலுவலகம். சோதனைக்கு யாராவது பேசியாக வேண்டுமே. மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். அவன் வாய்க்கு வந்ததைப் பேசுவான்.

மறுமுனைச் செல்போன் அவள் மேசையில்தான் இருந்தது. சத்தத்தைச் சுத்தமாக அணைத்திருந்தாள். அங்கே எல்லோரும் அப்படித்தான். வேண்டியது நடுவில் ஒட்டுக்கேட்டுப் பிடித்த பதிவு. பேச்சை யார் கேட்கிறார்கள்?

அன்று மாலை வீடு திரும்பும் வழியில் அவன் பைக்கின்மேல் லாரி ஏறியது.

காரியம் முடிந்த மறுநாளே அவள் வேலைக்கு வந்துவிட்டாள். அழுகை வரவில்லை. சோறு இறங்கியது. எதுவும் உறைக்கவில்லை.

பெட்டியின் பாதுகாப்பைச் சரிபார்க்க வெளியிலிருந்து வந்திருந்த லோகநாதனுக்கு இதெல்லாம் தெரியாது.

“ஒரு வார்த்த வெளிய வராதுங்க மேடம். ஒரே ஒரு கொறதான். பேசாம நின்னா பெட்டி கம்மியா டேட்டா அனுப்புது. எங்க பேசுனாங்க, எங்க நிறுத்துனாங்கன்னு பாத்தாலே தெரிஞ்சுருது. அதையும் மூடிருங்க.”

அதே பதிவு விரிந்திருந்த திரையை அவள் பக்கம் திருப்பினார். உயரமான கோடுகள் பேச்சு. குட்டையானவை மௌனம்.

சிபி நிறையப் பேசியிருந்தான்.

நிறுத்தியிருந்தான்.

பிறகு சின்னதாக ஏதோ ஒன்று. ஒரு சொல்லாகத்தான் இருக்கும்.

அதன்பின் கடைசிவரை குட்டைக் கோடுகள்.

அவன் துண்டிக்கவில்லை. பதிவு போதுமென்று அவள்தான் துண்டித்தாள். அதுவரை அவன் பதில் வருமென்று பெட்டியின் முன் பேசாமல் நின்றிருக்கிறான்.

லோகநாதன் குறையைக் குறித்துக்கொள்ளத் தொடங்கினார்.

“ம், சொல்லு,” என்றாள் அவள்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.