கூடத்துப் படுதா

“அவுத்தெறிடி அந்தப் படுதாவை! பட்டப்பகல்ல நடுக்கூடத்துல படுதா கட்டிக்கறதுக்கு இதென்ன அகமா, நாடகக் கொட்டகையா?”

கமலவல்லி மாமியின் குரல் கோயில் குளத்தைத் தாண்டிக் கேட்டது.

பக்கத்துப் போர்ஷன் வசுமதி அடுப்பைத் தணித்துவிட்டு, உறைமோர் வாங்கும் சாக்கில் டம்ளரோடு ஓடி வந்தாள். அவள் வீட்டிலேயே மோர் இருந்தது. அதைப் பற்றி இப்போது என்ன.

படுதாவுக்கு அந்தப் பக்கம் மாமியின் மாட்டுப்பெண் பூமா. போன தையில்தான் ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து, நெல்லும் எருமையும் உள்ள வீட்டிலிருந்து, பூசினாற்போல் உடம்போடு வந்தவள். அவளுக்குப் பக்கத்தில் பாயில் அவள் புருஷன், மாமியின் மூத்த பிள்ளை ஆராவமுதன். அம்பத்தூரில் ஒரு பாக்டரியில் ராத்திரி ஷிப்ட். காலை ரயிலில் திருவள்ளூர் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான்.

அந்தத் தெருவில் திரை என்றால் அது பெருமாளுடையது. அவர் அமுது செய்யும்போது பட்டர் குறுக்கே இழுத்துவிடுவது. டாக்கீஸில் இன்னொன்று இருப்பதாகக் கேள்வி, மாமி பார்த்ததில்லை. ஒரே கூடம் உள்ள வீட்டில், கொடியில் பழைய ஒன்பது கஜத்தைத் தொங்கவிட்டு அதற்கு ‘ஸ்க்ரீன்’ என்று பேர் வைத்தவள் பூமாதான். மாமி அதைத் திரை என்று சொல்லி வாயைக் கெடுத்துக்கொள்ள மாட்டாள்.

“தூங்கறவனுக்குக் கண்ணு கூசறதுன்னா அவனுக்குக் கட்டு. நீ என்னத்துக்குடி உள்ள?”

படுதா லேசாக ஆடி நின்றது.

“வாயில என்ன கொழுக்கட்டையா?”

வாசலில் சேர்ந்துவிட்ட பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதில் தெருவுக்குச் சந்தேகமே கிடையாது. பூமா இப்போது எலும்பும் தோலுமாக இளைத்துப் போனதற்கும் அதையேதான் காரணமாகச் சொன்னார்கள். வீடு வீடாகப் போய் அதைச் சொன்னவள் வசுமதி.

“அவர் மடப்பள்ளியிலேர்ந்து வரட்டும். அவர் கையாலயே கிழிச்செறியச் சொல்றேன். இவளையும் இன்னிக்கே பொறந்தகத்துக்கு பஸ் ஏத்திடறேன்” என்றாள் மாமி. மாமியின் அகத்துக்காரர் ராமஸ்வாமி, பெருமாள் கோயிலில் தளிகை பண்ணுகிறவர், அதாவது சமையல். “வசு, நீ உள்ள போடி. பெத்தவ நான் பாக்கப்படாது. பாத்ததைப் பாத்தபடி வந்து சொல்லு.”

வசுமதி வேறு எதற்குப் பிறந்தாள்? டம்ளரை வைத்துவிட்டு, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, படுதாவை விலக்கி உள்ளே போனாள்.

ஆராவமுதன் வாயைப் பிளந்துகொண்டு, நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தான். கிரீஸ் கறைபட்ட சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

சுவரோரமாகப் பூமா குந்தி உட்கார்ந்திருந்தாள். ஒட்டிப்போன கன்னம் இரண்டும் அந்த நேரத்துக்குப் புடைத்திருந்தன. மடியில் ஆராவமுதனின் டிபன் டப்பா. கேன்டீன் பூரி. ஆறிப்போன உருளைக்கிழங்கு.

வெங்காயம் போட்டது.

மடப்பள்ளிக்காரர் வீட்டுக்குள் வெங்காயம்! மாமிக்கு இது எப்படி எட்டவில்லை? பொடி போட்டுப் போட்டு மாமியின் மூக்கு செத்து வெகுநாளாயிற்று, அதனால் பிழைத்தது.

பூமா ஒருவழியாக விழுங்கினாள்.

“பசிக்கறது மாமி” என்றாள். சத்தமே இல்லை, உதடு மட்டும்தான் அசைந்தது. “எல்லாரும் சாப்பிட்டப்புறம் அடிச்சாதம். அதுவும் இவர் அம்மா கையால ஒரே பிடி. இவர்தான் தன்னுதுல பாதியை மிச்சம் பிடிச்சு...”

வசுமதிக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் புளியோதரையும் அக்காரவடிசிலும் கிளறிப் போடுகிற மனிதரின் வீட்டில், ஒரு பெண் திருட்டுத்தனமாக ஆறின பூரியை அடைத்துக்கொள்கிறாள்! வெளியே போய் அந்தக் கமலவல்லியை நடுத்தெருவில் நிறுத்தி, அந்த ஒரு பிடி போடும் கையைப் பற்றி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். கூட நின்று சிரித்த அத்தனை பேரையும் கேட்க வேண்டும். அந்த வரிசையில் முதலில் தான்தான் நிற்க வேண்டியிருக்கும் என்பதும் அவளுக்கு உறைத்தது.

கேட்கலாம். கேட்டால் வெங்காயமும் வெளியே வரும். மத்தியான பஸ்ஸில் இவள் ஊத்துக்கோட்டை போய்ச் சேர்வாள். மாமி திரும்ப அழைத்துக்கொள்ள மாட்டாள்.

வசுமதி படுதாவை இடைவெளி தெரியாமல் நன்றாக இழுத்துவிட்டு வெளியே வந்தாள். கோபத்தில் முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. நல்லதாகப் போயிற்று.

“என்னடி பாத்தே?”

“என்னைக் கேக்காதீங்கோ மாமி. சின்னஞ்சிறுசுகள். நான் கண்ணை மூடிண்டு வந்துட்டேன். இனிமே அந்தப் படுதாகிட்ட மனுஷா யாரும் போகாதீங்கோ, சொல்லிட்டேன்.”

மாமி தலையில் அடித்துக்கொண்டாள். ராமஸ்வாமி வந்தார், விஷயத்தைக் கேட்டார், காது மடல் சிவக்க, அங்கவஸ்திரத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல் மடப்பள்ளிக்கே திரும்பிப் போய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் படுதாவைப் பிடித்து இழுக்க யாருக்குத் துணிச்சல்?

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வரத் தொடங்கியதும் ஆராவமுதன் அங்கே வேலை தேடிக்கொண்டு பெண்டாட்டியோடு குடிபோனான்.

பின்னால், மாமி தன் இரண்டாவது பிள்ளை எம்பாருக்கு வசுமதியின் பெண்ணைக் கேட்டு வந்தாள். பிள்ளைக்கு பாங்க் உத்தியோகம். வரதட்சிணை வேண்டாம், கண்ணெதிரே வளர்ந்த பெண்ணே போதும் என்றாள். வசுமதி தன் பெண்ணை மணவாள நகரில் ஒரு ரேஷன் கடை குமாஸ்தாவுக்குக் கொடுத்தாள்.

ஏன், ஏன் என்று தெருவே அவளைக் குடைந்தது. எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள், ஜாதகம் பொருந்தவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

பொருத்தம் பார்த்த ஜோசியருக்கே அது புதுச் செய்தி.