பன்னிரண்டு துளிகள்

எண்ணிக்கை எங்கேயோ இடித்தது.

அவள் ரிப்போர்ட்டை மறுபடியும் பார்த்தாள். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு.

அளந்தது பத்தாயிரம் துளிகள். ஹெலிகாப்டர் எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் நாசிலிலிருந்து சீறும் தூறலை லேசர் ஒளியில் பிடித்து அளந்தவர்கள் இரண்டே பேர். அவளும், இதோ மேசையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நந்தகோபாலும்.

நந்தகோபால் அவள் கணவன்.

காணாமல் போன பன்னிரண்டும் எவை என்று அவளுக்குத் தெரியும். பெரிய துளிகள். மற்றவை தலைமுடியில் பாதிப் பருமன், முப்பது மைக்ரான். இவை முந்நூறு.

பத்தாயிரத்தில் பன்னிரண்டு என்ன பெரிசு என்று யாரும் கேட்கலாம். பத்து மடங்கு பருத்த ஒரு துளிக்குள் ஆயிரம் துளியின் எண்ணெய் இருக்கிறது. மிச்சம் எல்லாம் ஒன்றுசேர்ந்தாலும் இந்தப் பன்னிரண்டுக்கு ஈடாகாது. அவை காற்றிலேயே எரிந்து தீராது. எரியறையின் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு எரியும். சுவர் ஓட்டையாகும். அதுவும் பறந்துகொண்டிருக்கும்போது.

இந்த நாசில் தேறாது என்று இருவரும் பேசி முடிவு செய்திருந்தார்கள். மகளுக்கு அம்மை போட்டு அவள் மூன்று நாள் விடுப்பு எடுத்தாள். நீ பாப்பாவைப் பார், ரிப்போர்ட்டை நான் எழுதிக்கொள்கிறேன் என்று அனுப்பி வைத்தவன் அவன்தான். மகராசன், எழுதித்தான் இருக்கிறான்.

இருநூறு மைக்ரானுக்கு மேல் எதையும் எண்ணாதே என்று கருவியில் ஒரு அளவை மாற்றினால் போதும். பெரிய துளியே கிடையாது. சராசரி அழகாக வந்துவிடும். நாசில் தேறிவிட்டது.

எதிரே உட்கார்ந்திருந்த பிரிவுத் தலைவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கையெழுத்துப் போடும்மா, இன்றைக்கே அனுப்பணும் என்றார்.

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

அளந்தவர்: இந்துமதி.

அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

ஆறு வருடமாக ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் தன் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று மல்லுக்கு நின்றவன், இந்த ஒன்றை முழுசாக அவளுக்கே விட்டுக்கொடுத்திருந்தான்.

அவன் பக்கம் சாய்ந்து, உங்க பேர் எங்கே என்று கேட்டாள்.

பாப்பா மருந்து குடித்தாளா என்று விசாரிக்கிற அதே குரலில், அவள் காதோரம் சொன்னான்.

"ரெண்டு பேரும் மாட்டக் கூடாதுல்ல, இந்து."

அடப்பாவி.

நன்றாக யோசித்துத்தான் செய்திருக்கிறான். இந்த நாசிலால் என்ன ஆகும் என்று தெரிந்தே. அப்போது யார் தலை உருளும் என்றும் தெரிந்தே. பதினோரு வருடம் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

தலைவர் பேனாவை நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். மூடியைக் கழற்றினாள். ரிப்போர்ட்டையும் பேனாவையும் கணவன் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"அளந்தது ரெண்டு பேரும், சார். முதல்ல இவர் போடட்டும்."

அதற்கென்ன, போடுங்க நந்தகோபால் என்றார் தலைவர்.

அவன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தலைவர் காத்திருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

நந்தகோபாலின் கைகள் இரண்டும் மேசைக்கு அடியிலேயே இருந்தன.