மூன்று மணிக்குப் பூட்டும் கேட்

முதல் அநியாயம் ஆனைமலையில். சாமி கும்பிடப் போனவர்களுக்காக வேன் முக்கால் மணி நேரம் நின்றது. இரண்டாவது, ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவில். வரையாடு நின்றும் டிரைவர் வண்டியை நிறுத்தவில்லை. மூன்றாவது வால்பாறையில். சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

மூன்றையும் நேரத்தோடு டைரியில் எழுதிக்கொண்டார் மதுக்கரை நஞ்சுண்டன். நாற்பது வருடம் மனு, மறியல், உண்ணாவிரதம் என்றே வாழ்ந்தவர்.

நான்காவதுதான் பொறுக்க முடியாதது. அருவிக்குப் போகும் வழியில் கேட் பூட்டிக் கிடந்தது. மணி மூன்று பத்து.

அவர் மனைவி சுப்பாத்தாள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். தேயிலைச் சரிவு முழுக்க மஞ்சு மூட்டம் இறங்கியிருந்தது. அதற்குள் எங்கோ அருவி விழும் சத்தம் மட்டும் கேட்டது.

முப்பது வருடமாக அவர் கூட்டிப்போவதாகச் சொன்ன அருவி. கிளம்பும்போதெல்லாம் ஏதாவது போராட்டம் வந்துவிடும். அடுத்த வாரம் அவளுக்கு முட்டியில் ஆபரேஷன். இனி மலை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மூன்று மணிக்கு மேல் யாரையும் விடுவதில்லை என்றார் கேட் காவலர் சாமுவேல். கால் முடியாதவள், பத்தே நிமிஷம் என்று நஞ்சுண்டன் கேட்டுப் பார்த்தார். பிறகு குரல் ஏறியது.

"எந்த மகராசன் போட்ட உத்தரவுங்க இது? பங்களாவுல உக்காந்துட்டு எழுதியிருப்பான். எடுங்க, பாக்கலாம்."

"ஏனுங்க, விடுங்க. சத்தமே நல்லாத்தான் இருக்குது," என்றாள் சுப்பாத்தாள், கண்ணை மூடிக்கொண்டு.

அவர் விடவில்லை. வேனில் வந்த பதினோரு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். எந்தக் காகிதமானாலும் சாட்சிகள் முன்னால் கடைசி வரி வரை வாசிக்க வேண்டும். அது அவர் வழக்கம்.

சாமுவேல் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு பழைய காகிதத்தை எடுத்து வந்து வாசித்தார்.

இது யானைகள் தண்ணீருக்கு இறங்கும் தடம். மாலையில் அருவி பார்க்க வந்த கூட்டம் மறித்ததால் மிரண்டு திரும்பிய யானையால், கொழுந்து பறித்து வந்த இரண்டு பெண்கள் இங்கே இறந்தார்கள். பொள்ளாச்சியில் நடந்த ஒன்பது நாள் உண்ணாவிரதத்துக்குப் பிறகு, மூன்று மணிக்கு மேல் எவரையும் எக்காரணத்துக்கும் விடக்கூடாது என்று முடிவானது.

"அதுல ஒருத்தர் எங்கம்மாங்க," என்றார் சாமுவேல். "அதுக்கப்புறம் பத்தொம்பது வருஷமா இந்த வழியில யாரும் சாகலீங்க."

சுப்பாத்தாள் கண்ணைத் திறந்து கணவரைப் பார்த்தாள்.

எத்தனை உண்ணாவிரதப் பந்தல்களில் உட்கார்ந்தார், எதற்கெல்லாம் என்று அவருக்கே நினைவில்லை. இந்த இடத்தை அவர் பார்த்ததுமில்லை. போதும் என்பதுபோல் கையைக் காட்டினார்.

"கடைசி வரி வரைக்கும்னு நீங்கதானுங்க சொன்னீங்க," என்றார் வேனில் வந்த ஒருவர்.

சாமுவேல் நிமிர்ந்து நின்று, சர்ச்சில் வாசிப்பதுபோல் நிறுத்தி வாசித்தார்.

"கோரிக்கை வைத்து உண்ணாவிரதம் இருந்தவர்: மதுக்கரை நஞ்சுண்டன்."