அதிகம் கூப்பிட்ட பெயர்

கடற்பாசி ஆலையைச் சுற்றி முளைத்த அந்த ஊருக்கு ஓராண்டாகப் பெயரில்லை. மக்கள் வாயில் எந்தப் பெயர் அதிகம் அடிபடுகிறதோ, அதையே ஊருக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டு எண்ணுவதற்குக் கம்பத்துக்குக் கம்பம் மின்காது பொருத்தியிருந்தார்கள்.

இன்று பெயர்ப்பலகையின் திரை விலகியது. 'ஞானதுரைநகர்'. ஆலை மேஸ்திரி ஞானதுரை மாலையும் கழுத்துமாய்க் கும்பிட்டான்.

மரியபுஷ்பம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். போன சித்திரையில் அவள் புருஷன் சூசையின் கையை அரைவை உருளை கவ்வியபோது, நிறுத்தும் பொத்தான் ஞானதுரையின் விரலடியில்தான் இருந்தது. "ஏ ஞானதுரை, மிஷின நிப்பாட்டுல!" என்று முந்நூறு பேர் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஓட்டம் நின்றால் பாசி கெட்டுவிடும் என்று அவன் நிறுத்தவில்லை. கைக்குப் பின்னால் தோளும், தோளுக்குப் பின்னால் தலையும் உள்ளே போயின. அன்றிலிருந்து அவன் பெயரைச் சொல்லித் திட்டாத வாயில்லை.

"எம் புருசனக் கொன்னவன் பேரையா ஊருக்கு வைக்கிய?"

அவள் கருங்கல்லைத் தூக்கிப் பலகையில் அறைந்தாள். தடுக்க வந்த ஞானதுரைக்கு அடுத்த அடி தாடையில் விழுந்தது. கூட்டம் அவன்மேல் பாய்ந்தது.

"விடாதிய! ஞானதுரைய விடாதிய!"

அடி விழ விழ ஊரே அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தியது. கம்பத்துக் காதுகள் ஒன்றைக்கூட விடாமல் எண்ணிக்கொண்டன.