தூக்கிய பாலம்

விருந்தாளி மூன்றாவது கோப்பைத் தேநீரையும் காலி செய்தார். கரண்டி தட்டிலேயே கிடந்தது. போதும் என்றால் அதைக் கோப்பைக்குள் போட வேண்டும் என்பது இந்த வடக்குக் கடலோர ஊர்களின் வழக்கம். அது தெற்கத்தி ஆளுக்கு எங்கே தெரியப்போகிறது? டொம்மா கணவனைப் பார்த்து உதட்டைச் சுழித்துக்கொண்டே நான்காவதை ஊற்றினாள்.

கால்வாய் தூர் வாரியபோது குறுநிலத் தலைவன் ஹாய்கோவின் வாள் கிடைத்திருந்தது. அது அப்வெர்டன் கோட்டைக்கா, பக்கத்து ஊர் ஹோல்வார்டன் கோட்டைக்கா என்று முடிவு செய்ய இன்று தெற்கே முனிச்சிலிருந்து நடுவர் வருவதாகத் தகவல். கழுத்துப்பட்டை கட்டிய இந்த மனிதர் அகழியின் தூக்குப் பாலத்தில் வந்து நின்று, கோட்டையைப் பார்க்கணும் என்றதுமே, டொம்மாவின் கணவரும் அப்வெர்டன் கோட்டைச் சங்கத் தலைவருமான ஒக்கோ அவரைக் கையோடு உள்ளே இழுத்து வந்துவிட்டார்.

இருட்டுவதற்குள் ஹோல்வார்டனில் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதுதான் ஒக்கோவுக்கு வயிற்றெரிச்சல். நைசாக வெளியே போய்ப் பாலத்தைத் தூக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அங்க என்னங்க இருக்கு? அகழிக்கு நடுவுல ஒரு மாட்டுத் தொழுவம். அந்தக் காலத்துல ஹாம்பர்க் படை வந்தப்ப நாங்க பாலத்தைத் தூக்கிட்டுச் சண்டை போட்டோம். அவங்க பாலத்தை இறக்கி, பீர் ஊத்திக் கொடுத்தாங்க. வாளாம், அவங்களுக்கு."

விருந்தாளி காலியான கோப்பையில் கற்கண்டைப் போட்டார். டொம்மா தேநீர் ஊற்றியதும் பாலேட்டை ஓரமாக வழியவிட்டு, கலக்காமல் குடித்தார். கலக்குகிறவர்களைக் கண்டாலே டொம்மாவுக்கு ஆகாது. பரவாயில்லை, வளர்த்தவர்கள் ஒழுங்காக வளர்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அகழிக்கு அப்பால் மணி அடித்தது. டொம்மாவும் விருந்தாளியும் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். மழையில் ஒரு பெண் குடையோடு நின்றிருந்தாள்.

"யாரோ கூப்பிடுறாங்க போல. பாலத்தை இறக்கலாமே?" என்றார் விருந்தாளி.

"சுற்றுலாக் கூட்டம். அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு, கழிப்பறை எங்கன்னு கேக்கும். அடிக்கட்டும்" என்றார் ஒக்கோ. "பாலத்தை இறக்குறதுக்கு நாங்க என்ன ஹோல்வார்டன்காரங்களா?"

மணி விட்டுவிட்டு அடித்தது. பிறகு கார் கிளம்பும் சத்தம். அது ஹோல்வார்டன் பக்கம் திரும்பியதாக டொம்மா சொன்னாள். தொழுவத்துக்கு ஏற்ற ஆள்தான் என்று ஒக்கோ ஏளனமாகச் சிரித்தார்.

ஆறாவது கோப்பை முடியும்போது வெளியே நன்றாக இருட்டிவிட்டது. இனி ஹோல்வார்டனைப் பார்க்க நேரமில்லை. ஒக்கோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வாள் எங்களுக்குத்தானே என்று கேட்டார்.

விருந்தாளி கரண்டியை எடுத்துப் பழகிய கையால் கோப்பைக்குள் போட்டார். டொம்மாவின் கையில் கெண்டி அப்படியே நின்றது.

"அதை நடுவரம்மாதான் சொல்லணும். மழையில நின்னு மணி அடிச்சாங்களே, அவங்க."

ஒக்கோ நாற்காலியை விட்டு எழுந்தார். "அப்ப நீங்க யாரு?"

"ஹோல்வார்டன்காரன். பாலத்தை இறக்குங்க, வீட்டுக்குப் போகணும்."